நஸ்ரின் போட்ட தக்காளி

மகள் நஸ்ரின் காய்ச்சலில் இறந்துபோனாள். பம்மல் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அவள் விதை போட்ட தக்காளி மட்டும் வளர்ந்து காய்த்தது. நேற்று ஷாகுல் அதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ருக்ஸானா கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அவன் எழுவதற்குள் வேலைக்குக் கிளம்பியவள், ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டினாள்.

“மச்சான், இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. வெளிய போனா சாவியை வாட்ச்மேன் அண்ணாகிட்ட குடுங்க. தொட்டி மண்ணைக் கொட்டிடாதீங்க, அவ கை பட்ட மண்ணு. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

“காய் பழுத்தா அதை எப்படி வாயில வைக்கிறதுன்னு நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன் மச்சான்.”