கத்தாத பெட்டி

அண்ணா,

அப்பாவின் கட்டிலருகே இருந்த பெட்டியின் வாயை அடைத்தது நீதான்.

ஆள் கீழே விழுந்தால் கத்துவதற்காக நீ செய்த பெட்டி அது. அப்பா இருமினாலும் கத்தும். "உங்கம்மாகூட என்னை இப்படிக் கவனிச்சதில்ல" என்று சிரிப்பார். முதலீட்டாளர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முந்தின நாள் அதன் உணர்திறனைக் குறைத்தாய். நான் தடுத்தேன். "சும்மா சும்மா கத்தினா எவன் வாங்குவான்? போடி" என்றாய்.

அவர்கள் இருந்தவரை பெட்டி கத்தவில்லை. கைகுலுக்கினார்கள். அதன்பிறகு நீ உணர்திறனைக் கூட்டவே இல்லை.

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். தரையைப் போலவே சில்லென்றிருந்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று டிவியில் உன் வெற்றியின் ரகசியம் கேட்டார்கள். "தேவையில்லாத சத்தத்தைக் காதுல வாங்கமாட்டேன்" என்றாய். கைதட்டினார்கள்.

இன்று நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கட்டிலுக்கு ஒன்றாக உன் பெட்டிகளை மாட்டிவிட்டார்கள். ஒன்றின் முன்னால் நானே தொப்பென்று விழுந்து பார்த்தேன். அது கத்தவில்லை. கட்டிலில் இருந்த டீச்சரம்மாதான், "ஐயோ, நர்ஸ் பொண்ணு விழுந்துட்டா!" என்று கத்தினார்.

உணர்திறனைக் கூட்டு. எல்லாப் பெட்டியிலும், இன்றைக்கே. முதலில் என் போனை எடு.

உன் தங்கை