வெள்ளிக்குள் ஒரு பேட்டரி

9, திங்கள்

காலையில் மலை உச்சியில் மேகம். மழை இல்லை. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக், அவ்வளவுதான். ஹாரனும் பூனை மாதிரி முனகுகிறது. பேட்டரி போச்சு.

பஸ் பிடித்து கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர லேட். தபால் ஆபீஸ் கவுன்டர் முன்னால் பெரிய வரிசை. முத்திரை குத்தும்போதெல்லாம் ஒரே நினைப்பு. வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரரை வேலூர் டாக்டரிடம் காட்டணும்.

போன தடவை கொழுந்தன் முரளி, "நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி, கவலய விடுங்க" என்றான். அன்றைக்குக் காலையில் போனையே எடுக்கவில்லை. அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் காத்துக் கிடந்தோம். அதற்குள் இவருடைய வலது கை இன்னும் விறைத்துப்போனது. அந்தக் கோபத்தில்தான் நாற்பத்தொன்பது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸும் வாங்கினேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

வெள்ளி பௌர்ணமி வேறு. விடிந்தால் கிரிவலப் பாதையை அடைத்துவிடுவார்கள். எங்கள் அடி அண்ணாமலைக்குள் ஆட்டோகூட வராது. ஆறு மணிக்குள் சொந்த வண்டியில் வெளியே போனால் உண்டு.

சாயங்காலம் முரளி போன். ஸ்பீக்கரில் போட்டு, பேட்டரி மாற்றணும் என்றேன். "இன்னா அண்ணி, அந்தப் பழைய வண்டிக்குப் புது பேட்டரியா? நம்மகிட்ட ஒரு பார்ட்டி இருக்கான். வித்துடலாம்." இவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாதம் வந்ததிலிருந்து பேச்சு குறைவுதான், ஆனால் வேண்டாம் என்று தலையாட்டலாமே. ஆட்டவில்லை. தானே ஓட்ட முடியாத வண்டி எதற்கு என்று நினைக்கிறாரோ என்னவோ.

10, செவ்வாய்

வெயில். ஆபீஸ் முடிந்து நேராகக் கடைத்தெரு.

முதல் கடை: "சார் வரலையாம்மா? சாரை அனுப்புங்க, பேசிக்கலாம்." இருபது வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவள், இந்த மாதிரி ஆளை நிறையப் பார்த்தாச்சு. "இன்னிக்கு நான்தான் சார்" என்றேன். ஒரு பேட்டரியைத் தூசி தட்டி எடுத்து வைத்தான். தேதி முத்திரை பார்த்தே வயிறு வளர்ப்பவளிடம் வேலை காட்டுகிறான். பக்கவாட்டில் தயாரித்த மாதம் குத்தியிருக்கிறது, பத்து மாதப் பழசு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவது, பாய் கடை. பொறுமையான மனுஷன். பழைய பேட்டரியை போட்டோ எடுத்துப் போயிருந்தேன், அதைக் காட்டினேன். "நல்ல வேல செஞ்சீங்க மேடம். பிளஸ் எந்தப் பக்கம்னு பாக்காம வாங்கினா வயர் எட்டாது." இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று விலை கம்மி, கேரண்டியும் கம்மி. இன்னொன்று இரண்டுமே ஜாஸ்தி.

"எவ்ளோ வருஷம் வண்டிய வச்சிருப்பீங்க?"

சாதாரணக் கேள்வி. ஆனால் இவருக்கு இன்னும் எத்தனை தடவை வேலூர் போகணும், எத்தனை வருஷம், யாருக்குத் தெரியும்.

"கேரண்டி ஜாஸ்தியா இருக்கிறதக் குடுங்க" என்றேன். போன மாதத் தயாரிப்பு. பார்த்துத்தான் எடுத்தேன்.

மறந்தது: பால், கொத்தமல்லி.

11, புதன்

சாயங்காலம் ஐந்தரைக்கு பாய் ஸ்கூட்டரில் வந்து மாட்டினார். ஒரே திருப்பில் ஸ்டார்ட்! கை தட்டிவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது.

பாய் உடனே கிளம்பவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பழசு தானா சாவல மேடம். எதுவோ உறிஞ்சுது." கண்டுபிடித்தது டேஷ்போர்டு பிள்ளையாரை. அவர் தலைக்கு மேல் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு. எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் வயரிங் வேலை செய்தவர். சாமி விளக்கு அணையக்கூடாது என்று நேராக பேட்டரியிலிருந்தே வயர் இழுத்து விட்டிருக்கிறார், சாவி எடுத்தாலும் எரியும். தினமும் வண்டி ஓடினவரை பாதகமில்லை. நான் ஞாயிறு மட்டும்தான் ஓட்டுகிறேன்.

"இத வெட்டி விட்டுர்றேன். இல்லன்னா புதுசும் போயிடும்."

இவர் வாசலில் இருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். இடது கையால் விளக்கைப் பொத்திக்கொண்டார். விடவே இல்லை. பாய் சங்கடப்பட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் கத்திவிட்டேன். "சாமிக்கு வெளிச்சம் வேணும், உங்க கை நேராக வேணாமா?" ராத்திரி இட்லி வேண்டாம் என்றார். நானும் சாப்பிடவில்லை. விளக்கு உறிஞ்சாமல் இருக்க பேட்டரியின் மைனஸ் கம்பியை மட்டும் கழற்றி வைத்துவிட்டேன்.

12, வியாழன்

லீவு போட்டேன். புழுக்கம்.

எழுந்து வந்தால் இவர் கார் முன்சீட்டில். மடியில் தன் பழைய டூல்ஸ் பை. பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, ஆனாலும் ஒரு கையால் எப்படி இழுத்து வந்தாரோ.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. விளக்கு அணைவதா பிரச்சினை? தான் போட்ட வயரில் இன்னொருத்தன் கை வைப்பதுதான்.

வேலை: காட்டுவது அவர் விரல், செய்வது என் கை. சார்ஜர் சாக்கெட்டுக்குப் போகும் வயரில் விளக்கைச் சேர்க்கணும். சாவி போட்டால்தான் அதில் கரண்ட் வரும். நான் தப்பு வயரைத் தொட்டேன்.

"அதில்ல! சேப்பு!"

நாலு மாதத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசியது திட்டுவதற்குத்தான். டேப் சுற்றினது சரியில்லை என்று இரண்டு தடவை பிரிக்கச் சொன்னார். மைனஸ் கம்பியைத் திரும்ப மாட்டிச் சாவி போட்டேன், விளக்கு. எடுத்தேன், அணைந்தது. பிள்ளையாரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரு பிடி பிடித்தோம்.

13, வெள்ளி

4.45 எழுந்தது. 5.30 ஸ்டார்ட். தடுப்புக்கு முன்னால் வெளியே! போளூர் தாண்டும்வரை இரண்டு தடவை ஆஃப் பண்ணிவிட்டேன், கிளட்ச். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர்: கை பரவாயில்லை, பயிற்சியை விடக்கூடாது. மாத்திரை ஒன்று குறைவு. அடுத்தது ஆறு வாரம்.

திரும்பும்போது சாலையோரம் டீ. முரளி போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, பார்ட்டி ஞாயித்துக்கெழம வரான். புது பேட்டரின்னா இன்னும் நல்ல வெல. குடுத்துடலாம்ல?"

இவர் வாயைத் திறக்க நேரம் பிடித்தது. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளக்... கேளு."

அப்புறம் மெதுவாக, "அண்ணி?"

"குடுக்கல தம்பி" என்றேன்.