மயக்க மருந்து கொடுப்பவள்

உங்களுக்கு,

இதைப் படிக்கும்போது நானும் நம் மகளும் ரயிலில் இருப்போம். நாளை அவளுக்கு மருத்துவ மேற்படிப்புக் கலந்தாய்வு.

நேற்றுச் சாப்பிடும்போது அவளிடம் சொன்னீர்கள்: "சர்ஜரிய தம்பிக்கு விட்டுடும்மா. நீ அனஸ்தீசியா எடு. நம்ம ஆஸ்பத்திரிக்கு வெளியாள் எதுக்கு? அம்மாவுக்கும் வயசாகுது."

"அவன் முதல்ல ஃபர்ஸ்ட் இயர் பாஸ் பண்ணட்டும்ப்பா" என்று சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை.

நம் கல்யாணம் பேச வந்த அன்று உங்கள் அப்பாவும் இதே குரலில்தான் பேசினார். "பையன் சர்ஜன். பொண்ணு அனஸ்தீசியா படிச்சா ஆஸ்பத்திரி அமோகமா ஓடும்." நான் சர்ஜரி சீட்டுக்காகப் படித்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினீர்கள்.

ஓடியது. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் நான் பார்த்துக்கொள்வேன், நீங்கள் வயிற்றைத் திறப்பீர்கள். வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என்னிடம், "சிஸ்டர், தண்ணி குடுக்கலாமா?" என்பார்கள். ஒரு தடவையாவது நீங்கள் திருத்தியிருக்கலாம்.

அந்த வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆனால் அதை எனக்காக நீங்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்தீர்கள்.

இன்று காலை அவளிடம் கேட்டேன், "உனக்கு என்னடி வேணும்?"

"கத்திதாம்மா."

அதைத்தான் எடுக்கப்போகிறாள்.

நாளைய குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் ஆபரேஷனுக்கு வருவேனா என்பதை யோசித்துச் சொல்கிறேன். இந்தத் தடவை யோசிப்பது நான்.

அவளுடைய அம்மா