கண்ணை மூடினாலும் போகாத வெளிச்சம்

ஜூன் 3

இன்றும் வந்தது. மதியம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரம். கண்ணாடி ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் பார்வையின் நடுவில் ஒரு பொட்டு காணாமல் போனது. பிறகு அதைச் சுற்றி ஒரு வளைவு. நெளிநெளியாக, வெள்ளியும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டு மெல்ல விரிந்தது, ஓரத்துக்குப் போனது, கரைந்தது. வலி கிடையாது. அழகு, அவ்வளவுதான். அது போன பிறகு கடையையே கழுவிவிட்டது போல இருந்தது. "என்னம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறியா?" என்றார் முதலாளி.

ஜூன் 11

எனக்கு நானே லென்ஸ் மாற்றிவிட்டேன். பவர் கூடியிருக்கும். கண்ணாடிக் கடைக்காரிக்கு வேறு என்ன வைத்தியம் தெரியும்?

ஜூன் 19

புதுக் கண்ணாடியில் அது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. நல்ல கூத்து.

ஜூன் 30

மூன்றாவது கண்ணாடி. இது கண்கூசாமல் இருக்கப் பூச்சு போட்டது. வீட்டில் தலையைவிடக் கண்ணாடி அதிகமாகிவிட்டது என்று இவர் கிண்டல் செய்தார். இவரிடம் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பங்கு போட மனசில்லை, அதுதான்.

சின்னவளிடம் மட்டும் கதையாகச் சொன்னேன். அம்மா கண்ணுக்குள் ஒரு மீன் இருக்கிறது, வாலில் வெளிச்சத்தைக் கட்டிக்கொண்டு சுற்றும் என்று. என் இமையை இரண்டு விரலால் விரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மீன் தூங்கிடுச்சும்மா," என்றாள். பெரியவளைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினாள்.

ஜூலை 8

பேருந்தில் வந்தது. ஜன்னல், மரங்கள், முன்சீட்டுக்காரியின் பின்னல் எல்லாவற்றுக்கும் மேலே மிதந்துகொண்டு. சும்மா இருக்காமல் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இருந்தது. இடது கண்ணை மூடினேன். இருந்தது. இரண்டையும் மூடினேன்.

அப்போதும் இருந்தது.

மூடின கண்ணுக்கு லென்ஸ் எதற்கு? வருகிறவர்களையெல்லாம் இந்தக் கண்ணை மூடு, அந்தக் கண்ணை மூடு என்கிறவள், என் கண்ணை மூடிப் பார்க்க இத்தனை நாளா! அப்படியென்றால் இது இருக்கிற இடம் கண் இல்லை. வேறு எங்கே? யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 17

ஒரு அம்மாவுக்கு ஃபிரேமைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டிருந்தேன். வெளிச்சம் வந்தது. அதோடு இன்று வலது கை விரல்கள் மரத்துப்போயின. பிறகு உதடு. எப்போது கிடைக்கும் என்று அந்த அம்மா கேட்டார். நாளைக்கு என்று சொல்ல வேண்டும். தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. மறுபடி கேட்டார். நான் ஊமை மாதிரி நின்றேன். முதலாளி வந்து சமாளித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்துவிட்டது, பின்னாலேயே மண்டையைப் பிளக்கிற வலி. சாப்பிடாத மயக்கம் என்று புளுகினேன்.

எனக்குத் தெரியும். கருத்தடை மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இந்த வெளிச்சம். முதல் இரண்டு மாதம் குமட்டல், மார்பில் கனம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வந்து போயிற்று, பக்கவிளைவு அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மாத்திரை எழுதித் தந்த அன்றைக்கு, தலைவலி உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அப்போது இல்லைதான்.

சொன்னால் நிறுத்து என்பார்கள். நிறுத்தினால் மறுபடியும் வயிற்றில் ஒன்று. சின்னவள் பிறந்த அன்றைக்கு ரத்தம் நிற்கவேயில்லை, கட்டிலைச் சுற்றி எல்லாரும் ஓடினார்கள். மறுபடி அதுக்குப் போகணுமா? முடியாது, என்னால முடியாது. இதுக்குப் பயப்படுறதா, அதுக்குப் பயப்படுறதா நான்?

ஜூலை 18

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். பாதியிலேயே அழுகை. இவர் பெண்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். இது ஒற்றைத்தலைவலியின் ஒரு வகையாம். வலியே இல்லாமல் வெளிச்சம் மட்டுமாகவும் வருமாம். மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாம். "நிறைய பேர் ஒரு தொந்தரவும் இல்லாம இதைச் சாப்பிடுறாங்க. ஆனா இந்த வெளிச்சம் வர்றவங்களுக்கு மூளையில ரத்தம் அடைச்சுக்கிற ஆபத்து கூடும். இன்னிக்கோட நிறுத்திடுங்க," என்றார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு எதுவும் ஏறவில்லை. இதையா இத்தனை நாள் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஆகஸ்ட் 2

மீன் வரவில்லை.

ஆகஸ்ட் 9

நேற்று ஒரே ஒரு முறை, மங்கலாக, புகை மாதிரி வந்து போனது. யாரிடமாவது சொன்னால் உதைப்பார்கள், எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது.

காப்பர்-டி என்றாலே உடம்பு கூசுகிறது, இன்னொரு மாத்திரை என்றாலும் கூசுகிறது என்று இவரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "இத்தனை நாள் நீ முழுங்கின. இனிமே என் முறை," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் ஸ்கேன் அறைக்குள் படுத்திருந்தபோதே டாக்டரம்மாவிடம் எல்லாம் விசாரித்துவிட்டாராம். ரெண்டு பெண்கள் போதாதா என்றார். போதும் என்றேன்.

ஆகஸ்ட் 24

நேற்று முடிந்தது. சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து சரி என்று சொல்லும்வரை கவனமாக இருக்க வேண்டும். ஐயா ஐஸ் பையோடு மெத்தையில் சாய்ந்துகொண்டு ராஜா மாதிரி தண்ணீர் கேட்கிறார்.

மதியம் பெண்கள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். திரைச்சீலை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. இவரோடு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுகிற நண்பர் போன் செய்தார். இடுப்புப் பிடிப்பு, வரவில்லை என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன்.

கட்டில் கிரீச்சிட்டது.

"இல்லடா, சும்மா சொன்னேன். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நீளமாக ஏதோ. இவர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ சொல்லல. எனக்கு அவ வேணும்டா," என்றார்.

நான் குழாயைத் திறந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்.