நீங்களும் சேர்த்தியா?

அன்புள்ள வாயாடிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இல்லை என்பது நேற்று போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்தாயிற்று, வீட்டுத் தூசியெல்லாம் இப்போது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, துடைப்பம்தான் இன்னும் தெரியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பழுதான மோட்டார்களை உங்கள் கம்பெனியும் அதை வாங்கிய நம் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து சரிசெய்யலாம் என்ற அர்த்தத்தில்தான் உன் மேலாளர் பேசியிருக்கிறார். ‘நாம’, ‘நாங்க’ இரண்டுக்கும் அவர் மொழியில் ஒரே சொல்தானாமே! மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நீ அதை, நாங்க சரி பண்ணிடறோம் என்று அந்த நம் மொழிக்காரர்களிடம் சொல்லிவிட்டாய். அவர்களும் அப்பாடா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நாள் சரக்கு தேங்கி, இப்போது உன் ஆபீசில் உன்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள். வேலை போயிடுமோம்மா என்று நீ அழுதாய். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும், அவங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எழுதிடறேன் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் உன் வாயை நம்பி உட்கார்ந்தவர்கள், பழியை அவர்கள் தலையில் கட்டாதே. எங்கள் மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு, எது என்று கேட்காமல் நானே ஒன்றை எடுத்துக்கொண்டேன், இனிமேல் கேட்டுவிட்டுச் சொல்வேன் என்று உள்ளதை உள்ளபடி எழுது.

கேட்பதில் என்ன வெட்கம்? எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்த புது மேனேஜருக்கும் நம் மொழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யணும் என்று அவர் மொழியில் சொன்னார். அதுல நீங்களும் சேர்த்தியா சார் என்று என் அரைகுறைப் பேச்சில் கேட்டுவிட்டேன். மனிதர் ஞாயிறு காலை நான் போவதற்கு முன்பே வந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. போனை வைக்கும்போது, எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்கம்மா என்றாய். இலக்கணப்படி தப்பில்லை என்கிறார் அப்பா. அவர் இலக்கணத்தை உடைப்பில் போடு, எனக்குச் சுருக்கென்றது.

நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது. வேளைக்குச் சாப்பிடு, விளக்கத்தை நாளைக்கே கொடுத்துவிடு. வேலை நிலைத்தால் சந்தோஷம். போனால் போகட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு நம்ம வீட்டுக்கு வா. அதுல நானும் சேர்த்தியா என்று நீ கேட்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாயாடியைப் பெற்ற அம்மா