சுவரோரம் நின்ற லாரி

1972 அக்டோபர் 11, புதன்

இன்று இரண்டு பிரசவம், இரண்டும் ஆண். இரண்டாவது தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்கள் சுகாதார நிலையத்தில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஆனால் ஓடாது. அதற்கான உதிரி பாகம் வட அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். முன்பெல்லாம் கேட்டால் வந்துவிடும். நாங்கள் ஓட்டுப் போட்டு ஒரு சோஷலிஸ்டை அதிபராக்கிய நாளிலிருந்து வருவதில்லை. கடைசியில் காய்கறி வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரி போனோம். பிழைத்துவிட்டாள்.

லாரிக்காரர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தமாம். தம்பி நோல்பெர்த்தோவும் அதில் இருக்கிறான்.

1972 அக்டோபர் 14, சனி

அவனைப் பார்க்கப் போனேன். தலைநகர் சாண்டியாகோவை விட்டு வெளியே, தெற்கு நெடுஞ்சாலை ஓரத்து வயலில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். நடுவில் நெருப்பு மூட்டி மாட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கறியின் வாசனையை மறந்தே போயிருந்தேன்.

“வா அக்கா, சாப்பிடு.”

“ஏதுடா இவ்வளவு கறி?”

“சங்கம் குடுக்குது.”

“சங்கத்துக்கு யாரு குடுக்கறா?”

சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துக் காட்டினான். “ஓட்டினப்பக்கூட நான் இவ்வளவு காசு பாத்ததில்லக்கா. சும்மா உக்காந்திருக்கறதுக்குத் தர்றாங்க.”

“நம்ம ஊர் நோட்டு இல்லையேடா இது. வேற நாட்டுக்காரன் எதுக்குடா உனக்குக் கறி வாங்கித் தரணும்?”

அவன் முகம் மாறிவிட்டது. “இந்த வண்டி ஒண்ணுதான் என்னுது. நாளைக்கு உன் அதிபர் வந்து இதையும் எல்லாருக்கும் பொதுன்னு எடுத்துக்கிட்டா, நான் என்ன பண்ணுவேன்?”

எடுக்கமாட்டார் என்று சொன்னேன். நம்பவில்லை. அவன் பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு யாரோ தீனி போடுகிறார்கள். கறியைத் தொடாமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் பசித்தது.

1972 அக்டோபர் 18, புதன்

டாக்டர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நிலையத்தில் நானும் ஒரு நர்சும்தான். நான் வெறும் மருத்துவச்சி. நெஞ்சுவலிக்காரருக்கு என்ன செய்வேன்? ருதெலிந்தா வந்து கதவை விரியத் திறந்துவைத்தாள். எங்கள் குடியிருப்பில் மீன் பொரித்து விற்பவள் அவள். குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் தினசரிப் பால் அவள் பொறுப்பில்தான் நடக்கிறது.

“என்ன எர்சிலியாம்மா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு? டாக்டருங்க வரலேன்னா பிள்ளைங்க எல்லாம் உள்ளேயே உக்காந்துக்குமா?”

1972 அக்டோபர் 22, ஞாயிறு

கை வலி, எழுதவே முடியவில்லை. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

பால் பவுடர் துறைமுகத்தில் தேங்கிக் கிடக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் தாங்களாகவே பெட்டிகளைக் கோத்து ஒரு ரயிலில் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்டேஷனில் இறக்க ஆள் வேண்டும் என்று வானொலி சொன்னது. எத்தனை பேர் வருவார்கள், ஐம்பது? நூறு?

ஸ்டேஷன் வாசலுக்கே போக முடியவில்லை. அவ்வளவு கூட்டம். பஞ்சாலைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு கன்னியாஸ்திரீகள். எனக்கு முன்னால் நின்றவர் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறவராம். “விரலைப் பாத்துக்கங்க” என்றேன், “அது பாத்துக்கும்” என்றார். ரயில் பெட்டியிலிருந்து தெருக்கோடி வரை வரிசை. மூட்டை கைமாறி கைமாறி வந்தது. யாரும் கட்டளை போடவில்லை. யார் இதை நடத்துகிறார்கள் என்று தேடித்தேடிப் பார்த்தேன். யாருமே இல்லை! எல்லாரும்தான்.

ருதெலிந்தாவின் தலைமுடியெல்லாம் பால்மாவு. “லாரி நின்னா நாடு நின்னுடும்னு நெனச்சானுங்க. பாரு, நாடு காலால நடக்குது!”

பிறக்கும் குழந்தையின் தலை தெரியும் நொடியில் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு வரும். இத்தனை வருடத்தில் வேறெதற்கும் அது வந்ததில்லை. இன்று ஸ்டேஷனில் வந்தது.

1972 நவம்பர் 7, செவ்வாய்

வேலைநிறுத்தம் முடிந்தது. நோல்பெர்த்தோ ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். இறக்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

1973 மார்ச் 5, திங்கள்

நேற்று நாடாளுமன்றத் தேர்தல். ரொட்டிக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, சோப்புக்கு வரிசை. இந்த நிலைமையில் யார் நமக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று நானே நினைத்தேன். போன முறையைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்! வரிசையில் நின்ற அதே ஜனம். ருதெலிந்தா கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நடுத்தெருவில் ஆடினாள். அவள் மகள் மிரேயா, புதிதாகக் கல்யாணம் ஆனவள், வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள்.

1973 ஜூன் 29, வெள்ளி

காலையில் ஒரு படைப்பிரிவு டாங்கிகளோடு அதிபர் மாளிகையைச் சுற்றி வளைத்தது. மதியத்துக்குள் அடங்கிவிட்டது. வழியில் ஒரு டாங்கி பெட்ரோல் பங்கில் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டதாம். “காசு குடுத்தானா?” என்று கேட்டாள் ருதெலிந்தா. சிரித்தோம். சிரித்தது சரியா என்று தெரியவில்லை.

1973 ஆகஸ்ட் 19, ஞாயிறு

மறுபடியும் லாரிகள் நிற்கின்றன. இந்த முறை முடிவே தெரியவில்லை. நோல்பெர்த்தோ வந்தான். இளைத்துப் போயிருக்கிறான்.

“வண்டி எடுக்கலாம்னு பாத்தேன்க்கா. எடுத்தவன் டயரைக் கிழிச்சுட்டாங்க. ஆளையும் அடிச்சுட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கூட்டத்துக்கு ஒருத்தன் வர்றான். நம்ம பாஷைதான் பேசறான், ஆனா நம்ம ஊர்க்காரன் இல்ல. பேர் சொல்லமாட்டான். அவன் வந்துட்டுப் போனா சங்கத் தலைவருங்களுக்குப் புதுசாத் தெம்பு வந்துடுது.”

“இப்பவாவது புரியுதா?”

“புரிஞ்சு என்ன பண்ண?”

1973 செப்டம்பர் 4, செவ்வாய்

நாங்கள் ஜெயித்து இன்றோடு மூன்று வருடம். இவ்வளவு மனிதர்களை நான் ஒன்றாகப் பார்த்ததேயில்லை. மதியம் தொடங்கிய ஊர்வலம் இருட்டிய பிறகும் முடியவில்லை. நோஞ்சான் உடம்புகள், ஒட்டுப்போட்ட கோட்டுகள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னவோ வரப்போகிறது என்று. தெரிந்தும் வந்திருக்கிறார்கள். கையில் கம்புகூட இல்லை. மிரேயா எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்கூடவே நடந்தாள்.

1973 செப்டம்பர் 11, செவ்வாய்

ராணுவ விமானங்கள். மாளிகை எரிகிறது. வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாக வாயடைத்துப்போயின. கடைசி நிலையத்தில் அதிபர் பேசினார். குரல் நடுங்கவில்லை.

மதியம் செத்துவிட்டார் என்றார்கள்.

மேட்டுக்குடித் தெருக்களில் ஷாம்பெயின் உடைக்கிறார்களாம். ஐயோ.

1973 செப்டம்பர் 16, ஞாயிறு

ருதெலிந்தாவைக் கொண்டுபோய்விட்டார்கள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இடித்தான். திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்து, “உனக்கு நான் பால் குடுத்திருக்கேன்டா” என்றாள். இருக்கும். அந்தப் பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. என்னைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல், “மிரேயா” என்று மட்டும் சொன்னாள்.

மிரேயாவின் புருஷன் பஞ்சாலைக்குப் போனவன் பதினோராம் தேதியிலிருந்து திரும்பவில்லை.

1973 செப்டம்பர் 27, வியாழன்

என்னையும் கேட்டு வந்தார்களாம். பிரசவத்துக்குப் போயிருந்ததால் தப்பினேன். நோல்பெர்த்தோ பக்கத்துச் சந்தில் காத்திருந்து பிடித்துக்கொண்டான்.

“வீட்டுக்குப் போகாதக்கா. திங்கக்கெழம காலைல தயாரா இரு.”

“மிரேயா இல்லாம நான் வரமாட்டேன்.”

“அந்த வயித்தோடயா?” என்றான். பிறகு, “சரி, அவளும் வரட்டும்” என்றான். எங்கே என்று சொல்லவில்லை.

1973 அக்டோபர் 1, திங்கள்

அர்ஜென்டீனத் தூதரகத் தோட்டத்தில், புல்தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேற்று நாட்டுத் தூதரகத்துக்குள் எங்கள் சிப்பாய்கள் நுழையக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

லாரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே நானும் மிரேயாவும் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தோம். பட்டப்பகல். லாரி இருமியது, குலுங்கியது, நின்றது. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறான், அப்போது எனக்குத் தெரியாது. பூட்ஸ் சத்தம். தூதரகச் சுவரைக் காவல் காக்கும் போலீஸ்காரர்.

“இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது. எடு வண்டிய!”

“எஞ்சின் சூடாயிருச்சு சார்ஜென்ட் ஐயா. நான் என்ன ஆசைப்பட்டா நிறுத்தினேன்?”

“யாருய்யா நீ?”

ஏதோ அட்டையை எடுத்துக் காட்டினான் போலிருக்கிறது. “லாரி சங்கம். ரெண்டு தடவையும் கடைசி நாள் வரைக்கும் உக்காந்தவன். அந்தச் சிவப்புப் பசங்களை இறக்கினதுல எனக்கும் பங்கு இருக்கு.”

போலீஸ்காரர் குரல் அப்படியே குழைந்துவிட்டது. “அட, நம்மாளுதானா!”

“கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க? ரேடியேட்டர் காஞ்சுபோச்சு.”

போய்விட்டார்! நிஜமாகவே வாளியை வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்!

தார்ப்பாய் விலகியது. சுவர் லாரியை ஒட்டி நின்றது, லாரித் தளத்தில் எழுந்து நின்றால் மேல்விளிம்பு என் மார்பு உயரத்துக்குத்தான். நோல்பெர்த்தோ மிரேயாவை முட்டைக்கோஸ் தூக்குவதுபோலத் தூக்கிச் சுவர்மேல் உட்காரவைத்தான். உள்ளேயிருந்து யார் யாரோ ஓடிவந்து கைகளை நீட்டினார்கள். அவள் இறங்கினாள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

“நீயும் வாடா.”

“லாரி இங்க நின்னா, வாளியோட வர்ற ஆளு என்ன நெனப்பாரு? குதி.”

குதித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. “ரொம்ப நன்றிங்க ஐயா.” எஞ்சின் சாவியின் முதல் திருகிலேயே கிளம்பியது.

என் தம்பியா அது? இருட்டைக் கண்டால் என் போர்வைக்குள் வந்து ஒடுங்குவானே, அவனா?

1973 அக்டோபர் 20, சனி

மிரேயாவுக்குப் பெண் குழந்தை, தூதரகத்தின் சாப்பாட்டு மேஜை மேல். வெள்ளிக் கரண்டிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில்தான் என் கத்தரிக்கோலும் கொதித்தது. இந்த வீட்டில் படிக்கட்டில்கூட ஆள் படுத்திருக்கிறார்கள், எப்போதும் சந்தைக்கடைதான். வலி முற்றியதும் ஒருவர் பேச்சை நிறுத்தினார், பக்கத்தில் இருந்தவரும் நிறுத்தினார். அப்படியே மாடி, தோட்டம் எல்லாம் அடங்கிப்போயிற்று. அவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். குழந்தை கத்தியது. அப்புறம் வெளியே பெரிய பெரிய ஆண்கள் அழும் சத்தம்.

“எந்த ஊர்ப் பிள்ளைன்னு எழுதறது?” என்று கேட்டார் குமாஸ்தா.

“எங்கம்மா ஊரு” என்றாள் மிரேயா.

பெயரும் அதுவேதான். ருதெலிந்தா.

1973 அக்டோபர் 29, திங்கள்

நாட்டைவிட்டுப் போக அனுமதி வந்துவிட்டது. நாளை விமானம்.

காலையில் குழந்தையை வெயிலில் காட்ட மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கீழே சாலையில், எல்லா வண்டிகளோடும் நோல்பெர்த்தோவின் லாரி வந்தது. இதற்கு முன்னும் வந்திருப்பானோ? சுவர் முழுக்கக் காவல். கை காட்ட முடியாது. குழந்தையை இரண்டு கையாலும் என் முகத்துக்கு மேலே தூக்கினேன்.

லாரி மெதுவானது. அவன் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலை அரிப்பதுபோலத் தொப்பியைக் கழற்றினான். திருப்பம் வரைக்கும் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.