வரைபடத்தில் இல்லாத ஒன்பது மைல்

மார்ச் 4

குழந்தை ஹேசலுக்கு இரண்டாவது பல். என் தோளெல்லாம் எச்சில்.

வனத்துறையிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. போன ஆகஸ்டில் எரிந்த காட்டில் கரிந்து நிற்கும் மரங்களை வெட்டி எடுக்கப் போகிறார்களாம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஊரார் கருத்துச் சொல்ல முப்பது நாள். என் கணவன் டிராவிஸ் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வெட்டட்டுமே. தலையில விழுறதுக்கு முன்னாடி வெட்டினா நல்லதுதானே," என்றான். எனக்கும் அதுதான் வேண்டும். தடம் சுத்தம் செய்ய அனுமதி வாங்கி அவன் அந்தக் காட்டுக்குள் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஜன்னலில் நின்று காற்றை அளந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 7

பக்கம் 71. ஒரு அட்டவணை. மரம் வெட்டி முடித்ததும் சீர் செய்து திறக்கப்போகும் பைக் தடங்கள், மொத்தம் பதினேழு. எங்கள் காப்பர் தடம் அதில் இல்லை.

மூன்று முறை பார்த்தேன். இல்லை.

வரைபடத்தில் அது கீழே ஈரப் புல்வெளி வழியாகப் போகிறது. பக்கத்தில் 'மூடப்பட்டது' என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஓட்டும் மேட்டில் தடமே கிடையாது. கட்டை இழுக்கும் வழிகள் மட்டும். வேலை முடிந்ததும் அந்தத் தரையைக் கிளறி நாற்று நடுவார்களாம். ஒன்பது மைல். ஊரிலிருந்து நேராகக் காட்டுக்குள் நுழைகிற ஒரே தடம். அது போனால் பைக்கை வண்டியில் ஏற்றி நாற்பது மைல் போக வேண்டும். எங்கள் பைக் கிளப்பின் ஜூன் மாத ஊர்வலமும் போச்சு.

கடவுளே, இதை வேறு யாராவது படித்தார்களா? நான் மட்டும்தானா?

மார்ச் 8

கிளப் தலைவி லோர்னாவுக்குப் போன் செய்தேன். அறுபத்தெட்டு வயது, இன்னும் மண்ணில் பைக்கைப் பறக்கவிடுகிறவர்.

"அது எப்படி இல்லாம போகும் கண்ணு? பதினாலு வருஷமா மேட்டுலதானே ஓட்டுறோம்!"

அப்புறம் அவரே நினைவுபடுத்திச் சொன்னார். புல்வெளி சேறாகிறது என்று அன்றைய வன அதிகாரி நேரில் வந்து, கையில் சாண்ட்விச்சோடு மேட்டைக் காட்டி, "அங்க கொண்டு போங்க" என்றாராம். இரண்டு கோடைகாலம் மண்வெட்டியோடு இவர்களே வெட்டினார்களாம்.

"பேப்பர்ல ஏதாவது?"

"கை குலுக்கினோம்டீ. அதுக்கு மேல என்ன பேப்பர்?"

அந்த அதிகாரி இப்போது உயிரோடு இல்லை.

மார்ச் 11

கிளப் கூட்டம். ஒரே கடிதத்தை இருநூறு பேர் அனுப்பலாம் என்றார்கள். மரம் வெட்டுவதையே நிறுத்தச் சொல்லி! இவர்களில் பாதிப் பேருக்கு மரம் அறுக்கும் மில்லில்தான் வேலை. ஹேசலை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "இருநூறு பேர் ஒரே கடிதம் போட்டா அவங்க அதை ஒண்ணுன்னுதான் எடுத்துக்குவாங்க. வெட்ட வேண்டாம்னு கேக்காதீங்க. தடம் இருக்குன்னு காட்டுங்க."

"எதை வெச்சுக் காட்ட?" என்று பின்னாலிருந்து ஒருவர். "எரிஞ்சுபோன தடப் பலகையையா?"

ஹேசலோடு உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13

இருக்கிறது! இருக்கிறது!

பாத்திரம் கழுவும்போது தோன்றியது. கிளப் தடம் சீர் செய்யும் தொண்டு வேலை நாளுக்கெல்லாம் ஒரு தாள் உண்டு — யார், எங்கே, எத்தனை மணி நேரம். கீழே வனத்துறைக் கையெழுத்து. எங்கள் பிரதிகள் கிளப் கொட்டகையோடு எரிந்துவிட்டன. ஆனால் அந்த மணிநேரங்களை அவர்கள் தங்கள் ஆண்டறிக்கையில் காட்டிக்கொள்கிறார்களே! அப்படியானால் தாள்கள் அவர்களிடமே இருக்க வேண்டாமா?

சோப்புக் கையோடு கத்தினேன். ஹேசல் பயந்து அழுதாள்.

மார்ச் 14

வனத்துறை அலுவலகம் போனேன். தடங்களைப் பார்க்கும் அதிகாரி அரியாகா. வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஐந்து பெட்டிகளை எடுத்துப் போட்டார். மூன்று மணி நேரம். ஹேசல் ஒரு கரடி எச்சரிக்கைத் துண்டறிக்கையை முழுக்கத் தின்றுவிட்டாள்.

நான்காவது பெட்டி. 'காப்பர் மாற்றுத் தடம், மேட்டுப் பகுதி. 31 பேர். 248 மணி.' கையெழுத்தோடு. அதே போல அறுபத்து நான்கு தாள்கள்.

அரியாகா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலையை நாங்களே எண்ணியிருக்கோம். வரைபடத்துல கோடு போட மட்டும் மறந்துட்டோம்." சிரித்துவிட்டார். பிறகு: "ஆனா தடம் இப்ப சரியா எது வழியாப் போகுதுன்னு வேணும். ஜிபிஎஸ்ல பதிஞ்சு கொண்டு வாங்க. கெடு முடியறதுக்குள்ள."

டிராவிஸ், "நான் போறேன்." ஒத்தையாவா? கரிஞ்ச மரத்துக்கு நடுவுல? போனா நானே கொன்னுடுவேன்னு சொன்னேன். சரி, நீயும் வா என்கிறான்.

மார்ச் 22

காற்றில்லாத நாள். லோர்னாவிடம் ஹேசல். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பைக்கில் உட்கார்ந்தேன். கரிந்த மரங்களின் ஒவ்வொரு கிறீச்சுக்கும் நிமிர்ந்து பார்த்தேன். ஏழாவது மைலில் எங்களுக்குப் பின்னால் ஒரு பைன் முழுசாகச் சாய்ந்தது. நாங்கள் அரை நிமிடம் முன்பு கடந்த இடம்.

டிராவிஸ் பைக்கை நிறுத்தித் திரும்பினான். "இப்ப சொல்லு, வெட்டட்டுமா?"

"வெட்டட்டும். தடத்த விட்டுட்டு வெட்டட்டும்."

ஒன்பது மைலும் பதிந்தாயிற்று.

ஏப்ரல் 2

கருத்துக் கடிதத்தையும் ஜிபிஎஸ் பதிவையும் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மீதி வைத்து.

ஜூன் 14

ஊர்வலம் இல்லை. பதிலும் இல்லை. ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருப்பேனோ?

ஆகஸ்ட் 19

வனத்துறையின் முடிவு வந்துவிட்டது. பக்கம் 74. அட்டவணையில் பதினெட்டு!!

இரண்டு கோடைக்கு மூடித்தான் வைப்பார்கள். கட்டைகளை நான்கே இடங்களில்தான் தடத்தின் குறுக்கே இழுக்கலாம். பிறகு சீர் செய்து திறக்க வேண்டும். லோர்னா போனில் மூக்கை உறிஞ்சினார்.

அக்டோபர் 9

தடத்தின் ஓரம் எல்லைக்கு நட்ட அடையாளக் கொடிகளைச் சரிபார்க்க அரியாகாவோடு மேட்டுக்குப் போனேன். கட்டை இழுக்கும் யந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு வந்து கொடிக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ஏம்மா, இது உங்க கிளப்புத் தடமா?"

"ஆமா."

"நேரா இழுத்தா பத்து நிமிஷம். இதுக்காக நாள் பூரா கடக்கிற இடம் தேடி அந்தக் கோடி வரைக்கும் சுத்திக்கிட்டுக் கெடக்கேன். எந்தப் புண்ணியவான் போட்ட கோடு இது?"

"நான்தாங்க."

மேலும் கீழும் பார்த்தார். "நல்லாப் போட்டீங்க, போங்க," என்று முணுமுணுத்தபடி யந்திரத்தைத் திருப்பினார்.

அது சுற்றி வருவதை நின்று பார்த்தேன். இரண்டு தடவை.